தகரப் பெட்டியும் மேகப் பெட்டியும்

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் மேல் தட்டிலோ ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறதல்லவா? அதைத் திறந்து பார்த்து எத்தனை நாளாயிற்று?

உள்ளே என்ன இருக்கும் என்று நானே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், அதாவது நாம் வாய்ப்பழக்கத்தில் ‘சூராட் பெரானாக்’ என்று சொல்பவை. அப்பாவின் பழைய அடையாளக் கார்டு. பதிவுத் திருமணச் சான்றிதழ். தோட்டத்துக் கிராணி கையெழுத்திட்ட பழைய சம்பளச் சீட்டுகள். இ.பி.எப். கணக்குத் தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தபோது எடுத்த குரூப் போட்டோ. பால்மரக் காட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிற்கும் அம்மாவின் ஒரே ஒரு படம்.

இவை வெறும் காகிதங்களா? இல்லை. நம்மவர்களுக்குக் காகிதம் என்பது வாழ்வுரிமை. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது என்ன நடந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். குடியுரிமைப் பத்திரம் கையில் இல்லாத தொழிலாளி, பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே வேலை செய்ய அனுமதிச் சீட்டு கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. சீட்டுக் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாடு போய்ச் சேர்ந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோதும், லயன் வீட்டைவிட்டுப் பட்டணத்துக்கு மாறியபோதும், மூட்டை முடிச்சோடு தொலைந்துபோன பத்திரங்கள் எத்தனை! அந்தப் பிள்ளைகளில் சிலர் பேரன் பேத்தி எடுத்த வயதிலும் பதிவு இலாகாவுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அதற்குமேல் வெள்ளம் வேறு. 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜொகூரையும் நம் மலாக்காவையும் சூழ்ந்த வெள்ளத்தை மறக்க முடியுமா? தண்ணீர் வடிந்த பிறகு மெத்தையை வெயிலில் காயப் போடலாம். மை கரைந்த பத்திரத்தை என்ன செய்வது?

ஆகவேதான் இந்த மாதம் இன்னொரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதற்குப் பெயர் மேகப் பெட்டி. மலாய்க்காரர்கள் ‘ஆவான்’ என்கிறார்கள். படித்த பிள்ளைகள் ‘கிளவுட்’ என்கிறார்கள். வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தால் அதை வைத்துக்கொண்டு இந்தப் பெட்டியைத் திறப்பதும், அடுக்குவதும், பூட்டுவதும் எப்படி என்பதை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

மேகம் எங்கே இருக்கிறது?

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். மேகப் பெட்டி வானத்தில் இல்லை, தரையில்தான் இருக்கிறது. பெரிய பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு மூலையை நமக்கு ஒதுக்கித் தருகிறார்கள். அண்டை மாநிலமான ஜொகூரில் இப்படிப்பட்ட கட்டடங்கள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் தன் மேகக் கிடங்கு ஒன்றை மலேசியாவிலேயே திறந்தது.

வெளிநாட்டுக் கிடங்குக்குப் போகும் வழியும் வானம் அல்ல, கடல். செர்காம் கடற்கரையில் மாலை நேரம் காற்று வாங்கப் போகிறீர்களே, எதிரே தெரிகிறதே மலாக்கா நீரிணை, அதன் அடியில் கண்ணாடி இழைக் கம்பிகள் படுத்துக் கிடக்கின்றன. 2005-இல் முடிக்கப்பட்ட ‘சீ-மீ-வீ 4’ என்னும் கம்பி நம் மலாக்காவிலும் கரையேறுகிறது, சென்னையிலும் கரையேறுகிறது. 2016-இல் முடிக்கப்பட்ட ‘சீ-மீ-வீ 5’ கம்பியும் மலாக்காவைத் தொட்டுச் செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர்!

இன்னொரு செய்தி சொன்னால் வியப்படைவீர்கள். 1870-71இல் மதராஸையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடித் தந்திக் கம்பியால் இணைத்தார்கள். அக்காலக் கடல் கம்பிகளுக்குள் தண்ணீர் புகாமல் காத்தது எது தெரியுமா? இந்த வட்டாரத்துக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால்தான். கித்தாப் பால் வருவதற்கு முன்பே இந்த மண்ணின் மரப்பால் உலகத்தின் செய்திகளைச் சுமந்திருக்கிறது!

கணினியும் கங்காணியும்

சரி, நம் கணினியிலிருந்து அந்தக் கிடங்குக்குச் சாமானை எப்படிக் கொண்டுபோவது? மூன்று வழிகள் உண்டு. தோட்டத்துப் பால் ஸ்டோரை மனத்தில் வைத்துக்கொண்டால் சட்டென்று விளங்கிவிடும்.

முதல் வழி, ஒவ்வொரு முறையும் நாமே ஸ்டோர் வாசலுக்குப் போய் வாளியை இறக்குவது. இணைய உலாவியைத் திறந்து, கணக்குக்குள் நுழைந்து, ஒவ்வொரு கோப்பாக ஏற்றுவது இதுதான். நாலைந்து கோப்புகளுக்கு இது போதும். நானூறு படங்கள் என்றால் கை ஓய்ந்துவிடும்.

இரண்டாம் வழி, ஓர் ஆளை வேலைக்கு வைப்பது. நாம் வீட்டில் ஒரு பையில் போட்டதை அவன் ஸ்டோரிலும் கொண்டு சேர்ப்பான். அங்கே ஏதாவது மாறினால் இங்கேயும் மாற்றி வைப்பான். ‘ஒத்திசைவு’ என்பது இதுதான். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவை கணினிக்கென்று தரும் கருவிகள் இந்த வேலையைச் செய்கின்றன.

மூன்றாம் வழி, பல ஸ்டோர்களின் சாவிக்கொத்தை ஒரே ஆளிடம் கொடுப்பது. அவன் எதையும் வீட்டில் சேர்த்து வைக்கமாட்டான். திற என்றால் திறப்பான். இதை இங்கே வை என்றால் வைப்பான். ‘சைபர்டக்’ என்னும் இலவசக் கருவி இவ்வகை. விண்டோஸிலும் ஓடும், மேக் கணினியிலும் ஓடும்.

ஒத்திசைவுக் கருவியை அமர்த்தும் விதம்

கூகுள் கணக்கு, அதாவது ஜிமெயில் முகவரி, அநேகமாக எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம். ‘கூகுள் டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்’ என்னும் கருவியைக் கூகுளின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். நிறுவியதும் உலாவி திறந்து கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கொடுத்தவுடன், விண்டோஸ் கணினியாக இருந்தால், சி, டி என்று இருக்கும் தட்டுகளின் வரிசையில் ‘ஜி’ என்று ஒரு புதிய தட்டு முளைக்கும். அதற்குள் ‘மை டிரைவ்’. இனி வழக்கமாகக் கோப்பை இழுத்துப் போடுவதுபோல் அதில் போட்டால் போதும். மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

இங்கே கருவி ஒரு கேள்வி கேட்கும்: ‘ஸ்ட்ரீம்’ வேண்டுமா, ‘மிரர்’ வேண்டுமா? முதலாவதைத் தேர்ந்தால் கோப்புகள் கிடங்கிலேயே இருக்கும். திறக்கும்போது மட்டும் வரும். கணினியில் இடம் மிச்சம், ஆனால் இணையம் வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தால் கிடங்கில் ஒரு பிரதி, கணினியில் ஒரு முழுப் பிரதி. இணையம் இல்லாவிட்டாலும் திறக்கலாம். மழை பெய்தால் அலைவரிசை போய்விடும் தோட்டமா உங்களுடையது? பத்திரங்களுக்கு இரண்டாவதே நல்லது. முதலாவதைத் தேர்ந்திருந்தாலும், முக்கியமான கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, இணையம் இல்லாதபோதும் கிடைக்கும்படி அதைக் குறித்து வைக்கலாம்.

புதிய விண்டோஸ் கணினியில் ஒன்டிரைவ் கூடவே வரும். அதன் கோப்புகளுக்குப் பக்கத்தில் சிறு குறிகள் இருக்கும். நீல மேகம் என்றால் கோப்பு கிடங்கில் மட்டும் இருக்கிறது. பச்சைச் சரி அடையாளம் என்றால் கணினியிலும் இருக்கிறது. இந்த இரண்டு குறிகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புதுக் கணினியைத் தொடங்கும்போது நம் ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ கோப்புறைகள் நமக்குத் தெரியாமலே ஒன்டிரைவுக்குள் போய்விடுவதுண்டு. இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்ததும் ‘இடம் இல்லை’ என்று மணி அடிக்கும். பயப்பட வேண்டாம். அமைப்புகளில் போய் எந்தக் கோப்புறை போகலாம், எது போகக்கூடாது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

இலவச இடம் கூகுளில் 15 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபி. கூகுளின் 15 ஜிபியில் மின்னஞ்சலும் படங்களும் சேர்ந்தே கணக்கு. கைப்பேசிப் படம் ஒன்று சுமார் 3 எம்பி என்று வைத்தால் ஏறக்குறைய 5,000 படங்கள் அடங்கும். பத்திரத்தின் நகல் ஒன்றுக்கு 1 எம்பி கூட வேண்டாம். ஆகவே பத்திரங்களை முதலில் ஏற்றுங்கள். கல்யாண வீடியோ பிறகு.

இன்னொன்று, டேட்டா! 1,000 படங்களை ஏற்ற 3 ஜிபி செலவாகும். பிரிபெய்டு எண்ணை வைத்துக்கொண்டு ஏற்றினால் மாதக் கணக்கு ஒரே நாளில் கரையும். இந்தக் கருவிகளில் ‘நிறுத்தி வை’ என்னும் பொத்தான் உண்டு. வீட்டில் இருக்கும்போது நிறுத்தி வையுங்கள். நூலகத்திலோ, ‘நாடி’ என்னும் அரசாங்க இணைய மையத்திலோ, உறவினர் வீட்டு வைஃபையிலோ இருக்கும்போது ஓட விடுங்கள். ஆனால் பொதுக் கணினியில் ஒருபோதும் ஒத்திசைவுக் கருவியை நிறுவாதீர்கள். உங்கள் பத்திரங்கள் அங்கேயே தங்கிவிடும்.

சாவிக்கொத்துக் கருவி

அண்ணன் கணக்கு கூகுளில், தங்கை கணக்கு ஒன்டிரைவில், கல்லூரிப் படங்கள் டிராப்பாக்ஸில் என்று சிதறிக் கிடக்கிறதா? அங்கேதான் சைபர்டக் உதவும். ‘ஓப்பன் கனெக்‌ஷன்’ என்பதை அழுத்தி, பட்டியலில் எந்தக் கிடங்கு என்று தேர்ந்தெடுங்கள். உலாவி திறந்து அனுமதி கேட்கும். கொடுத்ததும் கிடங்கின் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு சன்னலில் வரிசையாகத் தெரியும். இப்படி இரண்டு கிடங்கை இரண்டு சன்னலில் திறந்து, இதிலிருந்து அதற்கு இழுத்துப் போடலாம். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டால் கிடங்கின் கோப்புகள் கணினியில் குவிந்து கிடக்காது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்காத தம்பி தங்கையர் ‘ஆர்குளோன்’ என்னும் இலவசக் கருவியையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. அதில் ‘காப்பி’ என்றால் பிரதி எடுக்கும், எதையும் அழிக்காது. ‘சிங்க்’ என்றால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்குவதற்காக, போய்ச்சேரும் இடத்தில் கூடுதலாக இருப்பதை அழித்துவிடும். முதலில் ‘டிரை ரன்’ என்று ஒத்திகை பார்த்த பிறகே மெய்யாக ஓட்டுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்த கதை

அழிப்பதைப் பற்றிச் சொன்னதும் என் அறிவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்த பிறகு அவருடைய பழைய படங்களையெல்லாம் நகலெடுத்து, கணினியில் ஒரு கோப்புறையில் போட்டு, மேகப் பெட்டியோடு இணைத்து வைத்திருந்தேன். சில மாதம் கழித்துக் கணினி மந்தமாயிற்று. இடம் போதவில்லை என்றது. ‘அதுதான் மேலே பத்திரமாக இருக்கிறதே, இங்கே எதற்கு?’ என்று எண்ணி, அந்தக் கோப்புறையை ஒரே அழுத்தில் அழித்தேன்.

மூன்று வாரம் கழித்துத் திதிக்குப் படம் தேடினேன். கணினியில் இல்லை. மேகப் பெட்டியிலும் இல்லை! கைகால் நடுங்கிவிட்டது. மகள்தான் வந்து, “அப்பா, நீங்கள் இங்கே அழித்ததும் அது அங்கேயும் அழித்துவிட்டது. அதன் வேலையே இரண்டையும் ஒன்றாக வைப்பதுதானே!” என்றாள். பிறகு குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தாள். இருந்தது! முப்பது நாள் வரைதான் குப்பைக் கூடையில் வைத்திருப்பார்களாம். இன்னும் கொஞ்ச நாள் நான் சும்மா இருந்திருந்தால் தலையில் விளக்குடன் நிற்கும் என் தாயை மறுபடியும் பார்த்திருக்க மாட்டேன்.

குற்றம் கருவியின் மீதில்லை, என் மீதுதான். ஆகவே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. இடம் வேண்டுமானால் அழிக்காதீர்கள். கூகுளில் ‘ஸ்ட்ரீம்’ முறைக்கு மாறுங்கள். ஒன்டிரைவில் வலது பொத்தானை அழுத்தி ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது கணினிப் பிரதியை மட்டும் நீக்கும். கிடங்கில் உள்ளதைத் தொடாது.

ஒரே பெட்டியை நம்பலாமா?

கூடாது! 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அதில் போயின. அந்த இழப்பை மறக்காத தமிழ் இளைஞர்கள் 2005-இல் ‘நூலகம்’ என்னும் மின்நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக நகலெடுத்து இணையத்தில் சேர்த்து வருகிறார்கள்.

சரி, காகிதம்தான் எரியும், மேகப் பெட்டி எரியாது என்று நினைக்கிறீர்களா? அதுவும் எரியும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவுக் கட்டடம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த மேகக் கிடங்கு முழுவதும், 858 டெராபைட், ஒரேயடியாக அழிந்தது. வேறு இடத்தில் பிரதி இல்லை என்பதே காரணம். கணினித் தொழிலில் பேர்போன ஒரு நாட்டுக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

விவரம் தெரிந்தவர்கள் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று பிரதி இருக்க வேண்டும். இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும். ஒன்று வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும். நம் வீட்டுக்கு அதன் பொருள் இதுதான்: கணினியில் ஒன்று, தகரப் பெட்டிக்குள் ஒரு பென்டிரைவில் ஒன்று, மேகப் பெட்டியில் ஒன்று. பென்டிரைவை ஆண்டுக்கு இரண்டு முறையாவது செருகிப் பாருங்கள். தைப்பூசத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அடுக்கும் முறை, பூட்டும் முறை

கோப்புகளுக்குக் கைப்பேசி வைக்கும் எண்ணுப் பெயரோடு விட்டுவிடாதீர்கள். ஆண்டு, ஆள், பொருள் என்று பெயரிடுங்கள். ‘1978 அம்மா பிறப்புப் பத்திரம்’ என்று தமிழிலேயே எழுதலாம். தேடினால் தமிழிலேயே கிடைக்கும். தமிழ்க் கணிமைக்கு நம் நாட்டிலேயே வேர் உண்டு. முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ 1980-களிலேயே இம்மண்ணில் பிறந்தது. கோப்புறைகள் நான்கு போதும்: அரசாங்கப் பத்திரம், பள்ளி, வேலையும் இ.பி.எப்.பும், படங்கள்.

கணக்குக்கு இரட்டைப் பூட்டுப் போடுங்கள். கடவுச்சொல் ஒன்று, கைப்பேசிக்கு வரும் எண் இரண்டாவது. அந்த எண்ணைப் போலீஸ் என்று சொன்னாலும், வங்கி என்று சொன்னாலும், யாருக்கும் சொல்லாதீர்கள். அடையாளக் கார்டு நகலை இன்னும் பத்திரமாக வைக்க விரும்பினால் ‘கிரிப்டோமேட்டர்’ என்னும் இலவசக் கருவி கோப்பைப் பூட்டி அனுப்பும். அதன் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது. ஒரு தாளில் எழுதி, தகரப் பெட்டியில் வையுங்கள்.

உடன்பிறந்தவர்களோடு பகிரும்போது ‘பார்க்க மட்டும்’ என்று கொடுங்கள். திருத்தும் உரிமை கொடுத்தால், விளையாட்டுப் பிள்ளை ஒருவன் எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடும்.

கடைசியாகச் சொன்னாலும் முக்கியமானது: கணக்கு யார் பெயரில்? பெரிய மகன் பெயரில் எல்லாம் இருந்து, அவனுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் குடும்பமே கதவுக்கு வெளியே நிற்கும். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். இதற்கு வழி உண்டு. கணக்கு அமைப்புகளில், ‘நான் இத்தனை மாதம் நுழையாவிட்டால் இன்னாரிடம் ஒப்படை’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உயில் எழுதுவது போல்தான். நம்மவர்கள் உயில் எழுதத் தயங்குவார்கள். இதற்காவது தயங்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

தாய்மார்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்ததும் தகரப் பெட்டியை நடுவீட்டில் திறந்து வையுங்கள். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு பத்திரமாக எடுத்து, இது யாருடையது, எப்போது வாங்கியது என்று சொல்லுங்கள். பிள்ளை கைப்பேசியில் நகலெடுத்துப் பெயர் எழுதட்டும். பெரியவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். அந்த குரூப் போட்டோவில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்ல அவர்களைவிட்டால் ஆளில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பதிவு இலாகாவிலும் நீதிமன்றத்திலும் மூலப் பத்திரம்தான் கேட்பார்கள். நகல் அதற்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்தால், அதன் எண்ணும் தேதியும் நகலில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு புதுப் பிரதிக்கு மனுச் செய்யலாம். ஒன்றும் இல்லாமல் போய் நிற்பவனுக்கும் எண்ணோடு போய் நிற்பவனுக்கும் எவ்வளவு வேற்றுமை என்பது, அந்த வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆகவே மேகப் பெட்டி வந்துவிட்டது என்று தகரப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டும் இருக்கட்டும். ஒன்று நனைந்தால் மற்றொன்று காக்கும்.